ஹட்செப்சுட்டின் பெயர் ஏன் செதுக்கி நீக்கப்பட்டது?

ஹட்செப்சுட் எகிப்தின் பதினெட்டாம் அரசமரபைச் சேர்ந்த பார்வோன். ஏறத்தாழ கி.மு. 1479 முதல் 1458 வரை நாட்டின் ஆட்சி அவர் கையில் இருந்தது. முதல் சில ஆண்டுகள் குழந்தை மன்னர் ஒருவரின் சார்பில் ஆண்டார். பிறகு தாமே முடிசூடி, மாத்காரே என்ற அரியணைப் பெயரோடு முழுப் பார்வோனாக ஆண்டார். அவர் இறந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தபின், கோயில் சுவர்களில் இருந்த அவருடைய உருவங்கள் உளியால் கொத்தி நீக்கப்பட்டன. பெயர் வளையங்களுக்குள் வேறு மன்னர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன.

இந்த அழிப்பை யார், எப்போது, எதற்காகச் செய்தார்கள் என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. அரியணையைப் பறித்துக்கொண்ட மாற்றாந்தாய்மீது, வளர்ந்து ஆளான அந்தக் குழந்தை மன்னர் தீர்த்துக்கொண்ட பழி என்பதே இதற்கு நெடுங்காலம் சொல்லப்பட்ட விடை. அந்த விடையைச் சான்றுகள் தாங்கவில்லை. எந்த உருவம் அழிக்கப்பட்டது, எது விட்டுவைக்கப்பட்டது, எந்த ஆண்டில் வேலை தொடங்கியது என்று வரிசையாகப் பார்த்தால், பழிவாங்கலைவிட அரசுரிமை பற்றிய கணக்கே இதில் மேலோங்கி நிற்கிறது.

அரியணைக்கு முன்

ஹட்செப்சுட்டின் தந்தை முதலாம் துட்மோஸ். தாய் பட்டத்து அரசி ஆமோஸ். வடக்கே ஹிக்சோஸ் மன்னர்களை விரட்டி நாட்டை ஒன்றாக்கிய அரசமரபு அது. அந்த மரபில் அரசிகள் திரைக்குப் பின்னால் இருந்தவர்கள் அல்லர். படையைத் திரட்டி நாட்டைக் காத்தவர் என்று ஆஹோத்தெப் அரசியைக் கார்னாக்கில் உள்ள கல்வெட்டு ஒன்று போற்றுகிறது. ஆமோஸ்-நெஃபர்தாரி, சிறு வயதில் முடிசூடிய தம் மகன் முதலாம் ஆமென்ஹோத்தெப்புக்குத் துணையாக நின்றவர். இறந்தபின் தெய்வமாகவே வணங்கப்பட்டவர். ‘அமுனின் தேவமனைவி’ என்ற சமயப் பதவியும் அவரிடம் இருந்தது. தனி நிலமும் வருவாயும் பணியாளர்களும் கொண்ட அந்தப் பதவி பின்னர் ஹட்செப்சுட்டிடம் வந்தது. அரசியல் செல்வாக்குக்கு அது உறுதியான அடித்தளம்.

ஹட்செப்சுட்டின் கணவர் இரண்டாம் துட்மோஸ் அவருக்குத் தந்தைவழிச் சகோதரர். அரச குடும்பத்துக்குள் இத்தகைய திருமணம் அங்கே வழக்கம். இருவருக்கும் நெஃபரூரே என்ற மகள் பிறந்தார். ஆண் வாரிசு, ஐசிஸ் என்ற மற்றொரு மனைவிக்குப் பிறந்தது. தந்தை இறந்தபோது அந்தப் பிள்ளை சிறு குழந்தை. அவர்தான் மூன்றாம் துட்மோஸ். ஆக, ஹட்செப்சுட் அவருக்கு மாற்றாந்தாயும் ஆவார், அத்தையும் ஆவார்.

அடுத்து நடந்ததை இனேனி என்ற மூத்த அதிகாரி தம் கல்லறைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார். மகன் தந்தையின் இடத்தில் மன்னராக அமர்ந்தார் என்றும், நாட்டின் காரியங்களைத் தேவமனைவி ஹட்செப்சுட் தம் விருப்பப்படி நடத்தினார் என்றும் அவர் பதிவு செய்கிறார். அதில் குறைகூறும் தொனி எதுவும் இல்லை. பாலக மன்னருக்குப் பதிலாக மூத்த அரசி ஆள்வது அக்காலத்து எகிப்தியர் அறிந்த ஏற்பாடுதான். அந்த நிலையிலிருந்து அவர் முடிசூடும் நிலைக்கு நகர்ந்ததற்குத்தான் முன்மாதிரி அரிது.

ஏழாம் ஆண்டின் தாழிகள்

அந்த நகர்வு எப்போது முடிந்தது என்பதை அரண்மனைக் கல்வெட்டு எதுவும் நேரடியாகச் சொல்வதில்லை. ஒரு சாதாரணக் குடும்பத்தின் கல்லறைதான் சொல்கிறது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த அகழாய்வாளர்கள் 1930-களின் நடுவில், தீப்ஸ் நகரின் மேற்குக் கரை மலைச்சரிவில் ராமோஸ், ஹத்னோஃபர் என்ற தம்பதியின் கல்லறையைக் கண்டெடுத்தார்கள். ஹட்செப்சுட்டின் தலைமை அதிகாரியான செனன்முட்டின் பெற்றோர் இவர்கள். உள்ளே வைத்திருந்த தாழிகளில் ஒன்றில் ஏழாம் ஆண்டு என்ற குறிப்பு இருந்தது. மற்றொன்றில் தேவமனைவி ஹட்செப்சுட்டின் முத்திரை. இன்னும் இரண்டில் மாத்காரே என்ற அரியணைப் பெயர் கொண்ட முத்திரை. கல்லறை மூடப்பட்டபின் யாரும் உள்ளே நுழையவில்லை. எனவே மூன்றாம் துட்மோஸின் ஏழாம் ஆண்டுக்குள் ஹட்செப்சுட் அரியணைப் பெயரைச் சூடிவிட்டார் என்பது உறுதி. வண்டி வண்டியாகப் புகழுரை பொறித்த கோயில் சுவர்கள் தராத துல்லியத்தைச் சில மண்தாழிகள் தந்திருக்கின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது ஆண்டுக் கணக்கு. ஹட்செப்சுட் முடிசூடியபோது கணக்கை ஒன்றிலிருந்து புதிதாகத் தொடங்கவில்லை. குழந்தை மன்னர் அரியணை ஏறிய நாளிலிருந்து ஓடிவந்த கணக்கையே தொடர்ந்து பயன்படுத்தினார். அரியணையைப் பறித்தவர் என்ற குற்றச்சாட்டுக்கு எதிரான முதல் சான்று இது. பறித்துக்கொண்ட ஒருவர், இழந்தவரின் ஆட்சியாண்டால் தம் ஆணைகளுக்குத் தேதியிடுவது இயல்பன்று.

முடிசூடும் தேவை ஏன் எழுந்தது என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. குழந்தை மன்னரின் உரிமைக்கு வேறு கிளையினரிடமிருந்து அச்சுறுத்தல் வந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. அன்றைய எகிப்தில் கடவுளருக்கும் மக்களுக்கும் நடுவில் நின்று சடங்கு செய்ய வளர்ந்த மன்னர் ஒருவர் வேண்டும்; பத்து வயதும் நிரம்பாத பிள்ளையால் அது இயலாது என்பது மற்றொன்று. தனிப்பட்ட ஆசையும் ஆற்றலும் இருந்தன என்பதையும் மறுக்க வேண்டியதில்லை. ஆண் மன்னருக்கு அரசியல் ஆசை இருந்தால் அதை இயல்பென்று கடந்துபோகும் வரலாறு, ஒரு பெண்ணிடம் அதைக் கண்டதும் விளக்கம் கேட்கிறது. ஹட்செப்சுட் பற்றிய பழைய நூல்களைப் படிக்கும்போது இந்த வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது.

பெண் உடலும் மன்னர் வடிவமும்

பெண் ஒருவர் முழுப் பார்வோனாக ஆண்டதற்கு ஐயமற்ற முன்னுதாரணம் ஒன்றே இருந்தது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன், பன்னிரண்டாம் அரசமரபின் முடிவில் சொபெக்நெஃபரு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆண்டிருந்தார். வாரிசு இல்லாத நிலையில், ஒரு மரபின் கடைசிக் கண்ணியாக வந்தவர் அவர். ஹட்செப்சுட்டின் நிலை வேறு. ஏற்கெனவே முடிசூடிய மன்னர் ஒருவர் அருகிலேயே வளர்ந்துகொண்டிருந்தார்.

ஆட்சியின் தொடக்கத்தில் செய்யப்பட்ட சிலைகளில் பெண் உடலும் மன்னருக்குரிய தலைத்துணியும் சேர்ந்து காணப்படுகின்றன. பின்னர் வந்தவற்றில் அகன்ற தோள், குட்டையான மன்னர் ஆடை, கட்டுத்தாடி என முழுமையான ஆண் வடிவம். இதை மாறுவேடம் என்று சில நூல்கள் எழுதின. ஆனால் அதே சிலைகளின் கல்வெட்டுகள் ‘ரேயின் மகள்’ என்று பெண்பாலிலேயே அவரைக் குறிக்கின்றன. யாரையும் ஏமாற்றும் நோக்கம் அங்கே இல்லை. எகிப்தியக் கலையில் மன்னர் உருவம் ஒரு பதவியின் வடிவம். அதைத் தாங்குபவரின் முகச்சாயலும் உடலும் அந்த வடிவத்துக்குள் அடங்க வேண்டும். 1829-இல், ஹட்செப்சுட்டின் நினைவுக்கோயில் உள்ள தெய்ர் எல்-பஹ்ரிக்கு வந்த ஷாம்போலியன், தாடியுள்ள மன்னர் உருவத்துக்கு மேலே பெண்பால் விகுதிகளைக் கண்டு குழம்பினார். எகிப்திய எழுத்தை முதன்முதலில் படித்தறிந்தவரே திகைக்கும் அளவுக்கு அந்தச் சேர்க்கை அரிதானது.

உரிமையை நிலைநாட்ட ஹட்செப்சுட் தேர்ந்த வழிகள் இரண்டு. ஒன்று, தெய்வப் பிறப்பு. தெய்ர் எல்-பஹ்ரிக் கோயிலின் நடுமாடத்தில், அமுன் கடவுள் முதலாம் துட்மோஸின் உருவில் ஆமோஸ் அரசியிடம் வருவதும், க்னூம் கடவுள் குயவர் சக்கரத்தில் குழந்தையை வனைவதும் புடைப்புச் சிற்பங்களாக உள்ளன. மற்றொன்று, தந்தை தம்மையே வாரிசாக அறிவித்தார் என்ற கதை. முதலாம் துட்மோஸ் உயிரோடிருந்தபோது அப்படி ஓர் அறிவிப்பு நடந்ததற்கு அக்காலச் சான்று இல்லை. மகள் பிற்காலத்தில் கட்டியமைத்த கதை அது. கணவரைப் பற்றி இந்தச் சிற்பங்கள் ஏதும் பேசுவதில்லை. தந்தையிடமிருந்து நேராக மகளுக்கு என்பதே அவர் வகுத்த வாரிசு வரிசை. பிற்காலத்தில் வந்த அழிப்பைப் புரிந்துகொள்ள இதை நினைவில் வைக்க வேண்டும். அந்த வரிசையில் இரண்டாம் துட்மோஸுக்கு இடமில்லை. ஆகவே அவருடைய மகனின் பிறப்புரிமைக்கும் அங்கே வலுவில்லை.

கட்டடங்களும் புந்து நாட்டுப் பயணமும்

ஹட்செப்சுட்டின் ஆட்சி எகிப்தியக் கட்டடக்கலையின் உச்சங்களில் ஒன்று. ‘புனிதங்களில் புனிதம்’ என்று பொருள்படும் ஜெசர்-ஜெசெரு என்ற நினைவுக்கோயில், தெய்ர் எல்-பஹ்ரியின் செங்குத்தான சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் மூன்று மாடத் தளங்களாக எழுந்தது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இரண்டாம் மென்டுஹோத்தெப் கட்டிய கோயில் பக்கத்திலேயே இருந்தது. அதன் அமைப்பைத் தழுவி, அதைவிடப் பெரிதாக இது திட்டமிடப்பட்டது. ஹாத்தோருக்கும் அனூபிஸுக்கும் தனிச் சன்னதிகள் உண்டு. ஏறு பாதையின் இருபுறமும் மன்னர் முகம் கொண்ட ஸ்பிங்க்ஸ்கள் வரிசையாக நின்றன.

கார்னாக்கில் அவர் எட்டாம் நுழைவாயில் கோபுரத்தைக் கட்டினார்; இரண்டு இணை ஒற்றைக்கல் தூண்களை நிறுவினார். அவற்றில் ஒன்று இன்றும் நிற்கிறது. அஸ்வான் கருங்கல்லில் ஏறத்தாழ 30 மீட்டர் உயரமும் 300 டன்னுக்கு மேல் எடையும் கொண்ட தூண் அது. பதினைந்தாம் ஆண்டில் தொடங்கிப் பதினாறாம் ஆண்டில், ஏழே மாதங்களில் கல்லை வெட்டி முடித்தார்கள் என்று அதன் பீடக் கல்வெட்டு கூறுகிறது. கல்வெட்டு மிகைப்படுத்தும் இயல்புடையது என்று வைத்துக்கொண்டாலும், இவ்வளவு கல்லை வெட்டி, ஆற்றில் மிதக்கவிட்டு, நிமிர்த்த வேண்டுமானால் கட்டுக்கோப்பான நிர்வாகம் இருந்தே ஆக வேண்டும்.

ஒன்பதாம் ஆண்டில் புந்து நாட்டுக்கு அனுப்பப்பட்ட பயணத்தை அவர் தம் ஆட்சியின் பெருஞ்சாதனையாகக் கருதினார் என்பது, கோயிலில் அதற்கு ஒதுக்கிய இடத்திலிருந்தே தெரிகிறது. ஐந்து கப்பல்கள், நெஹசி என்ற உயர் அதிகாரியின் தலைமையில் செங்கடல் வழியாகத் தெற்கே சென்றன. தூண்களின்மேல் எழுப்பி ஏணி வைத்த குடிசைகள், புந்துத் தலைவர் பராஹு, அவருடைய பருத்த உடலுள்ள மனைவி அத்தி, தண்ணீருக்குள் நீந்தும் செங்கடல் மீன்கள் ஆகியவற்றைச் சிற்பிகள் நேரில் பார்த்தவர் சொல்லக் கேட்டுச் செதுக்கியதுபோல் நுணுக்கமாகக் காட்டியிருக்கிறார்கள். தங்கம், கருங்காலி, தந்தம், பபூன் குரங்குகள், நறும்பிசின் குவியல்கள் ஆகியவற்றோடு, வேரோடு பெயர்த்துக் கூடைகளில் வைத்த 31 நறும்புகை மரங்களும் வந்தன. புந்து இன்றைய எரித்திரியா, எத்தியோப்பியா, கிழக்குச் சூடான் ஆகிய பகுதிகளில் எங்கோ இருந்தது என்பது பலர் ஏற்கும் கருத்து. கோயில் வழிபாட்டுக்கு அன்றாடம் தேவைப்பட்ட நறும்புகைப் பொருளை இடைத்தரகர் இல்லாமல் பெறுவதே நோக்கம். வணிகத்தையும் வழிபாட்டையும் பிரித்துப் பார்க்காத ஓர் அரசின் செயல் இது.

ஆட்சி முழுவதும் போரில்லாமல் கழிந்தது என்ற படிமமும் சரியன்று. செஹெல் தீவில் கருவூல அதிகாரி தீயின் கல்வெட்டு, நூபியப் போர்க்களத்தில் மன்னர் மாத்காரேயைத் தாம் பின்தொடர்ந்ததாகக் கூறுகிறது. அமைதியை விரும்பிய பெண், போரை விரும்பிய ஆண் என்ற எதிர்நிலை இருபதாம் நூற்றாண்டின் கற்பனை. ஸ்பியோஸ் ஆர்ட்டெமிடோஸ் குகைக்கோயிலின் முகப்பில், ஹிக்சோஸ்கள் விட்டுச்சென்ற அழிவைத் தாமே சீர்செய்ததாக ஹட்செப்சுட் உரிமை கொண்டாடுகிறார். ஹிக்சோஸ்கள் விரட்டப்பட்டு அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆகியிருந்தது. எல்லாப் பார்வோன்களையும்போல அவரும் வரலாற்றைத் தமக்கேற்ப வளைத்தார். அவருடைய கல்வெட்டுகளையும் அந்த எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

இளைய மன்னரின் இடம்

இருபது ஆண்டுகள் மூன்றாம் துட்மோஸ் எங்கே இருந்தார்? பழிவாங்கல் கோட்பாட்டின்படி அவர் ஒதுக்கப்பட்டு, அடக்கப்பட்டு, மனம் புழுங்கிக்கொண்டிருந்தார். நினைவுச்சின்னங்கள் காட்டுவது வேறு. கார்னாக்கில் ஹட்செப்சுட் கட்டிய செந்நிறக் குவார்ட்ஸைட் சன்னதியில், அமுனின் திருப்படகுக்கு முன் இரு மன்னர்கள் ஒரே ஆடை, ஒரே முடி, ஒரே உயரத்தில் அடுத்தடுத்து நடக்கிறார்கள். பெயர் வளையத்தைப் படித்தால்தான் எது யார் என்று தெரியும். ஹட்செப்சுட் முன்னால், துட்மோஸ் பின்னால். இரண்டாம் இடம்தான், ஆனால் மன்னருக்குரிய இடம். சினாயில் இருபதாம் ஆண்டுத் தேதியிட்ட கல்வெட்டும் இருவரையும் மன்னர்களாகக் காட்டுகிறது.

இதைவிட வலுவான வாதம் ஒன்று உண்டு. ஹட்செப்சுட் இறந்த உடனே, ஆட்சியின் 23-ஆம் ஆண்டில், துட்மோஸ் பெரும் படையோடு கானான் நாட்டுக்குள் நுழைந்து மெகித்தோவை வென்றார். படை அவருக்குப் புதியதன்று. பல ஆண்டுகளாக அவர் அதன் நடுவில் வளர்ந்தவர். படையின் ஆதரவு கொண்ட வளர்ந்த ஆண் மன்னர், விரும்பியிருந்தால் மாற்றாந்தாயை நீக்கியிருக்கலாம். நீக்கவில்லை. ஹட்செப்சுட்டும் ஆபத்தான போட்டியாளர் என்று எண்ணியிருந்தால் அந்தக் குழந்தையை வளரவிட்டிருக்க மாட்டார். இருவருக்கும் இடையில் அன்பு இருந்தது என்று சொல்ல ஆதாரமில்லை. ஆனால் இருவருக்கும் உகந்த ஏற்பாடு ஒன்று இருந்தது என்று சொல்லப் போதிய ஆதாரம் உண்டு.

அதிகாரிகளின் வாழ்க்கையும் இதையே உறுதி செய்கிறது. ஐந்தாம் ஆண்டில் தலைமை அமைச்சரான ஊசர்அமுன், ஹட்செப்சுட் இறந்தபின்னும் அந்தப் பதவியில் நீடித்தார். அமுன் கோயிலின் இரண்டாம் பூசகர் புயெம்ரேயும் அப்படியே. ஆட்சி மாறியதும் முந்தையவரின் ஆட்கள் களையெடுக்கப்பட்டார்கள் என்ற கூற்று இவர்களிடம் பொருந்தவில்லை. செனன்முட் மட்டும் விதிவிலக்குப்போல் தோன்றுகிறார். நெஃபரூரேயின் ஆசிரியராகவும், அமுன் கோயிலின் மேலாளராகவும், அரசரின் கட்டடப் பணிகளை நடத்தியவராகவும் விளங்கிய அவர், ஹட்செப்சுட்டுக்கு முன்பே ஆவணங்களிலிருந்து மறைகிறார். அவருடைய பெயரும் பின்னர் பல இடங்களில் நீக்கப்பட்டது. அவரையும் அரசரையும் காதலர்களாக்கி எழுதப்பட்ட பக்கங்கள் ஏராளம். அதற்கு ஏற்கத்தக்க சான்று இல்லை. ஓர் ஆண் மன்னருக்குத் திறமையான அமைச்சர் வாய்த்தால் அதை யாரும் காதலாக வாசிப்பதில்லை.

இறப்பும் கல்லறையும்

துட்மோஸின் தனியாட்சி 22-ஆம் ஆண்டில் தொடங்கியதென்று அர்மந்த் கல்வெட்டின் தேதியைக் கொண்டு கணிக்கிறார்கள். கொலை, சதி, கலகம் பற்றிய குறிப்பு எதுவும் இல்லை. அரசர்களின் பள்ளத்தாக்கில் ஹட்செப்சுட்டுக்கான கல்லறை, 200 மீட்டருக்கும் நீளமாகப் பாறைக்குள் வளைந்து இறங்குவது. ஹோவர்ட் கார்ட்டர் 1903-04-இல் அதைத் துப்புரவு செய்தபோது இரண்டு குவார்ட்ஸைட் ஈமப்பேழைகள் கிடைத்தன. ஒன்று ஹட்செப்சுட்டுக்கானது. மற்றது அவருக்காகத் தொடங்கி, முதலாம் துட்மோஸுக்காக மாற்றிச் செதுக்கப்பட்டது. தந்தையைத் தம்மோடு அடக்கம் செய்து, வாரிசு வரிசையை இறந்தபின்னும் நிறுவ முயன்றிருக்கிறார்.

2007-இல் ஸாஹி ஹவாஸ் குழுவினர், சிறு கல்லறை ஒன்றில் கிடந்த பெண் உடலை ஹட்செப்சுட்டுடையது என்று அறிவித்தார்கள். அவருடைய பெயர் பொறித்த மரப்பெட்டியில் இருந்த பல், அந்த உடலின் தாடையிலுள்ள இடைவெளியோடு பொருந்துகிறது என்பது அவர்கள் வாதம். பல்லின் வேர்களைப் பற்றி எழுந்த மறுப்புகளுக்குப் பிறகு இந்த அடையாளத்தை முடிந்த முடிபாகக் கொள்ள இயலாது.

அழிப்பின் இலக்கணம்

அழிப்பைப் பற்றிய விவாதத்தில் திருப்பம் தந்தது காலக்கணிப்பு. 1966-இல் சார்லஸ் நிம்ஸ் வெளியிட்ட கட்டுரை, கார்னாக் கோயிலின் கட்டட அடுக்குகளை ஆராய்ந்து, அழிப்பு துட்மோஸின் 42-ஆம் ஆண்டுக்கு முன் தொடங்கியிருக்க முடியாது என்று வாதிட்டது. ஹட்செப்சுட் இறந்தது 22-ஆம் ஆண்டில். இடையில் இருபது ஆண்டுகள். பழிவாங்கும் வெறி இருபது ஆண்டுகள் காத்திருந்து, மன்னரின் முதுமையில் வெடித்தது என்று சொல்வது கடினம். பீட்டர் டோர்மன் முதலிய பின்வந்த ஆய்வாளர்களும் இந்தக் காலக்கணிப்பையே அடிப்படையாகக் கொண்டார்கள். செந்நிறச் சன்னதியின் வரலாறும் இதற்கு இணங்குகிறது. ஹட்செப்சுட் இறந்தபோது முடியாமலிருந்த அதன் அலங்காரத்தைத் துட்மோஸ் முதலில் தொடர்ந்து முடித்தார், பிறகுதான் பிரித்தார். உடனடி வெறுப்பு இருந்திருந்தால் தொடர்ந்திருக்க வேண்டியதில்லை.

அடுத்து, எது அழிக்கப்பட்டது? மன்னராக நிற்கும் ஹட்செப்சுட் அழிக்கப்பட்டார். அரசியாகவும் தேவமனைவியாகவும் நிற்கும் ஹட்செப்சுட் பெரும்பாலும் தீண்டப்படவில்லை. எகிப்தியர் நம்பிக்கையில் பெயரை முற்றாக அழிப்பது மறுமை வாழ்வையே அழிப்பது. அவரை அந்த அளவுக்குத் தண்டிக்க விரும்பியவர் அரசி உருவங்களையும் விட்டிருக்க மாட்டார். நீக்கப்பட்ட பெயருக்குப் பதிலாகப் பொறிக்கப்பட்டவையும் முக்கியம். துட்மோஸ் தம் பெயரைவிடத் தந்தையின் பெயரையும் பாட்டனாரின் பெயரையுமே பல இடங்களில் வைத்தார். முதலாம், இரண்டாம், மூன்றாம் துட்மோஸ் என்று தந்தை வழியே ஓடும் தொடர் ஒன்று சுவரில் மறுபடி உருவானது. ஹட்செப்சுட் தம் சிற்பங்களில் விட்டுவிட்ட கண்ணி அங்கே திரும்ப வந்து சேர்ந்தது. கார்னாக்கின் ஒற்றைக்கல் தூண்களைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்களே தவிர, தூண்களைச் சாய்க்கவில்லை. அமுனுக்குப் படைத்த பொருளை அழிப்பது வேறு வகைக் குற்றமாகியிருக்கும்.

விளக்கங்களை எடைபோடல்

இந்தச் சான்றுகள் தெரியாமல் எழுந்தவை அல்ல முந்தைய விளக்கங்கள். பல அப்போதே கையில் இருந்தன. குர்ட் செத்தே 1896-இல், ஒரே அரியணைக்காகப் பலர் மாறி மாறி ஏறி இறங்கியதாக ஒரு சிக்கலான வரிசையை உருவாக்கினார். நீக்கப்பட்ட பெயரின்மேல் எவர் பெயர் இருக்கிறதோ அவரே அழித்தவர் என்பது அவர் எடுகோள். வில்லியம் எட்ஜர்டன் 1933-இல் அதைத் தகர்த்தார். இருந்தும் குடும்பப் பகை என்ற சட்டகம் கலையவில்லை. ஹெர்பர்ட் வின்லாக் 1920-களில் கோயிலருகே பள்ளங்களிலிருந்து ஆயிரக்கணக்கான சிலைத் துண்டுகளை அள்ளியபோது, அவற்றில் வெறுப்பின் வேகத்தைக் கண்டார். வில்லியம் ஹேஸ் 1950-களில் ஹட்செப்சுட்டைத் தற்பெருமையும் பேராசையும் கொண்ட சூழ்ச்சிக்காரியாகச் சித்திரித்தார். மூன்றாம் துட்மோஸைப் பேரரசு கண்ட வீரராகப் போற்றிய அதே தலைமுறை, அவருக்குத் தடையாக இருந்தவரை வில்லியாக்கியதில் வியப்பில்லை. 1970-களுக்குப் பிறகு எதிர்த்திசையில் ஒரு சாய்வு வந்தது. ஆணாதிக்கம் ஒரு பெண்ணின் சாதனையைத் துடைத்தெறிந்த கதையாக அது சொல்லப்பட்டது. இது அறத்தால் ஈர்ப்புடையது; ஆயினும் இருபது ஆண்டு இடைவெளியையும் தீண்டப்படாத அரசி உருவங்களையும் இதுவும் விளக்கவில்லை.

இன்று வலுவாக நிற்பது வாரிசுரிமை விளக்கம். அழிப்பு நடந்த காலத்தில் துட்மோஸுக்கு வயதாகிவிட்டது. அடுத்து வரவேண்டிய இரண்டாம் ஆமென்ஹோத்தெப்பின் தாய் மெரித்ரே அரச குருதியில் பிறந்தவர் அல்லர். ஆமோஸ் அரசியின் வழியில் யாரேனும் எஞ்சியிருந்தால் அவர்களுக்கு இந்தப் பிள்ளையைவிட உயர்ந்த உரிமை உண்டென்று வாதிட ஹட்செப்சுட்டின் சுவர்களே சான்றாகிவிடும். மன்னர் மகள் தாமே மன்னராகலாம் என்று கல்லில் எழுதியிருக்கும்போது, மகனின் முடிசூட்டு விழாவுக்கு முன் அந்த எழுத்தை நீக்குவது அரசியல் முன்னெச்சரிக்கை. தந்தையோடு இணையாட்சி ஏற்ற ஆமென்ஹோத்தெப்பின் காலத்திலும் அழிப்புத் தொடர்ந்திருக்கிறது என்பது இதற்கு மேலும் வலு சேர்க்கிறது. இதன் குறை, அத்தகைய போட்டியாளர் ஒருவரின் பெயரைக்கூடச் சுட்ட முடியாமையே. நெஃபரூரே பதினோராம் ஆண்டுக்குப் பிறகு உறுதியாகத் தென்படுவதில்லை. எனவே இந்த விளக்கத்தைக் குறிப்பிட்ட ஓர் எதிரிமேல் கட்டாமல், பெண் அரசாட்சி என்ற முன்னுதாரணத்தின்மேல் கட்டுவதே பாதுகாப்பு.

2025-இல் ஆன்டிக்விட்டி இதழில் ஜுன் யி வாங் வெளியிட்ட ஆய்வு, சிலைகளைத் தனியே பிரித்துப் பார்க்கக் கற்றுத் தருகிறது. மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் 1920-கள் அகழாய்வுக் குறிப்புகளையும் படங்களையும் மீண்டும் படித்த அவர், பல சிலைகள் கழுத்து, இடை, முழங்கால் என்று பலவீனமான இடங்களிலேயே உடைக்கப்பட்டிருப்பதையும், முகங்கள் பல சிதையாமல் இருப்பதையும் காட்டினார். சிலைக்குள் உறைவதாகக் கருதப்பட்ட ஆற்றலை நீக்கும் சடங்கு இது. வெறுப்புக்கு ஆளாகாத பிற மன்னர்களின் சிலைகளுக்கும் செய்யப்பட்டது. பின்னாளில் துண்டுகளைக் கட்டடக் கல்லாக எடுத்தவர்களும் சேதத்தைக் கூட்டினார்கள். வின்லாக் கண்ட வெறுப்பின் பெரும்பகுதி இதனால் கரைகிறது. ஆனால் இந்த விளக்கத்தைச் சுவர்ச் சிற்பங்களுக்கு நீட்டிக்கக் கூடாது. பெயர் வளையத்தைக் கொத்தி அங்கே வேறு பெயரை எழுதுவது வழக்கமான சடங்கன்று; அது ஹட்செப்சுட்டுக்கு எதிராகவே திட்டமிட்டுச் செய்யப்பட்டது. சிலைகளுக்கு ஒரு காரணமும் சுவர்களுக்கு மற்றொரு காரணமும் இருக்கலாம் என்று ஏற்பதுதான் சான்றுகளுக்கு நேர்மையான வாசிப்பு.

அழிப்பின் எல்லை

இந்த அழிப்பு முழுமையடையவில்லை. உயரமான மூலைகளிலும் இருண்ட உட்சன்னதிகளிலும் உளி எட்டவில்லை. பாதி கொத்தி விட்ட பெயர்களும் உண்டு. ஆமென்ஹோத்தெப் அரியணையில் உறுதியாக அமர்ந்தபின் வேலை அப்படியே கைவிடப்பட்டதாகத் தோன்றுகிறது. தேவை தீர்ந்ததும் நின்றுபோன ஓர் அரசுப் பணியின் தன்மை அதில் தெரிகிறது. பிற்கால அரசு ஆவணங்களில் விளைவு நீடித்தது. பத்தொன்பதாம் அரசமரபில் முதலாம் சேத்தி அபிதோஸில் பொறித்த மன்னர் பட்டியல், இரண்டாம் துட்மோஸிலிருந்து நேராக மூன்றாம் துட்மோஸுக்குப் போகிறது. எனினும் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்திய வரலாற்றைக் கிரேக்க மொழியில் எழுதிய மனெத்தோவின் பட்டியலில், ஜோசஃபஸ் காத்துத்தந்த வடிவத்தின்படி, இதே அரசமரபில் அமெசிஸ் என்ற பெண் ஆட்சியாளர் 21 ஆண்டு 9 மாதம் ஆண்டதாக வருகிறது. அந்தக் கால அளவு ஹட்செப்சுட்டுக்கே பொருந்துகிறது. பொதுச் சுவர்களில் நடந்த நீக்கம், கோயில் பூசகர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் படியெடுத்து வந்த பாப்பிரஸ் சுருள்களைத் தொடவில்லை என்பதற்கு அந்த ஒரு வரி சான்று.